ஒரு நாள் ஏ.ஐ. பயிற்சியில் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு எதைக் கற்றுத் தருவது? (வேலூர் மாவட்டம்)

5 ஜூலை 2025, மாலை – கேள்வி (ஆசிரியர் பயிற்றுநர், குடியாத்தம்)

எங்கள் வட்டார வள மையத்தில் அடுத்த மாதம் ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல், கணித ஆசிரியர்கள் 40 பேருக்கு ஒரு நாள் பயிற்சி. மாற்றுத்திறன் பிள்ளைகளையும் சேர்த்து எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி, ஏ.ஐ. கொண்டு வினாத்தாள் தயாரிப்பதுதான் தலைப்பு. பேசிப் பார்த்த வரையில் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "நல்ல ப்ராம்ப்ட் (ஏ.ஐ.க்குக் கொடுக்கும் கட்டளை) ஒரு இருபது அச்சடிச்சுக் கொடுங்க சார், போதும்." அது போதுமா?

5 ஜூலை, இரவு – பதில் (பெயர் குறிப்பிடாத பதிவுகள் எல்லாம் என்னுடையவை)

போதாது. பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், அதோடு முடிந்துவிடும். ஒரு வினா எதைச் சோதிக்க வந்தது, அதைத் தாண்டிப் பிள்ளையிடம் வேறு என்னென்ன கேட்கிறது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எந்தக் கருவியிடம் கேட்டாலும் பாடத்தைக் குறைத்துக் கொடுக்கும். தடை மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால் காலை முதல் ஒன்றரை மணி நேரம் போன் பைக்குள் இருக்கட்டும். அவரவர் பள்ளியில் போன ஆண்டு வைத்த வினாத்தாள் ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். பாடக்கருத்தின் மேல் நீல மையால் கோடு. மற்றதெல்லாம் சிவப்பு: மூன்று வரிக்கு நீளும் வாக்கியம், கண்ணால் பார்த்தே தீர வேண்டிய படம், நிறத்தை நம்பிய கேள்வி, வேகமாக எழுதினால்தான் முடியும் விடை. நிகழ்தகவுப் பாடத்தில் 52 சீட்டு கொண்ட கட்டு வருகிறதே, அதுவும் சிவப்புதான். வீட்டில் சீட்டையே பார்த்திராத பெண் பிள்ளைக்கு ஸ்பேடு எது, டைமண்டு எது, எத்தனை முகச்சீட்டு என்பது கணக்குக்கு முன்னால் நிற்கிற இன்னொரு கணக்கு.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே வினாவில் நீலம் எது, சிவப்பு எது என்று சண்டை போட வேண்டும். அந்தச் சண்டை நடந்தால் பயிற்சியில் பாதி முடிந்த மாதிரி.

6 ஜூலை

பயிற்சியில் அப்படியே வைக்க ஒரு உதாரணம். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல்:

"6 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு கொண்ட மின்கலத்துடன் தொடரிணைப்பில் இணைக்கப்பட்டுள்ள 4 ஓம் மற்றும் 8 ஓம் மின்தடைகளின் வழியே பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அவற்றுள் 8 ஓம் மின்தடையின் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைக் காண்க."

"இதை எளிமையாக்கு" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் இப்படி ஒன்று வரும்: "ஒரு பேட்டரி 6 வோல்ட். அதில் இரண்டு மின்தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்பட்டுள்ளன. மொத்த மின்தடை 4 + 8 = 12 ஓம். மின்னோட்டம் எவ்வளவு?" படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடரிணைப்பில் மின்தடைகளைக் கூட்ட வேண்டும் என்பதுதானே வினாவின் உயிர்? அதை அதுவே போட்டுக் கொடுத்துவிட்டது. தொடரிணைப்பு என்ற பாடச் சொல்லையும் எடுத்துவிட்டது. இரண்டாவது கேள்வியைக் காணவே காணோம்.

நமக்கு வேண்டியது இது:

"மின்கலம்: 6 வோல்ட். மின்தடைகள்: 4 ஓம், 8 ஓம். இரண்டும் தொடரிணைப்பில் உள்ளன. (அ) சுற்றில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? (ஆ) 8 ஓம் மின்தடையின் முனைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு?"

விடை மூல வினாவிலும் இதிலும் ஒன்றே: 0.5 ஆம்பியர், 4 வோல்ட். பாடம் குறையவில்லை, வாக்கியம்தான் உடைந்திருக்கிறது. இதை வாங்கக் கொடுக்க வேண்டிய கட்டளை: "கீழே உள்ள வினா தொடரிணைப்பில் மொத்த மின்தடை காண்பதையும் ஓம் விதியையும் சோதிக்கிறது. இவை இரண்டுக்கும் எந்தக் குறிப்பும் கொடுக்காதே. தொடரிணைப்பு, மின்தடை, மின்னழுத்த வேறுபாடு ஆகிய சொற்களை மாற்றாதே. எண்களை மாற்றாதே. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. வாக்கியத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். கேள்விகளை அ, ஆ எனப் பிரி."

முதல் வரியைப் பாருங்கள். அது நீல மைக் கோடு. காலையில் அந்தக் கோட்டைப் போட்டவருக்கு இந்தக் கட்டளை தானாக வரும்.

8 ஜூலை – காட்பாடி, கணித ஆசிரியர் ஒருவர்

பொதுத்தேர்வில் வினா இப்படி உடைத்து வராது. பழைய நடையில்தான் வரும். நாம் இங்கே சுலபமாகப் பழக்கிவிட்டு அங்கே பிள்ளை திணறினால் யார் பொறுப்பு?

8 ஜூலை, இரவு

நியாயமான கேள்வி. பயிற்சியில் கட்டாயம் எழும், தள்ளிவிடக் கூடாது.

பொதுத்தேர்வுத் தாளை நாம் தொட முடியாது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது சலுகைகள் மட்டுமே: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவை. நம் கையில் இருப்பது வாரத் தேர்வும் அலகுத் தேர்வும். அவற்றை வைப்பதே பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிக்கத்தான். மூன்று வரி வாக்கியத்தில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு ஓம் விதி தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு ஓம் விதியையே மறுபடி நடத்துகிறோம். பிள்ளையின் நேரமும் போகிறது, நம் நேரமும் போகிறது.

முறை இது. ஒரே வினாவுக்கு இரண்டு வடிவம் செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்டில் உடைத்த வடிவம். காலாண்டுக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து "எனில்", "கொண்ட", "அவற்றுள்", "காண்க" எல்லாம் என்ன வேலை செய்கின்றன என்று சொல்லிக் கொடுங்கள். அரையாண்டிலிருந்து பொதுத்தேர்வு நடை மட்டும். உடைத்ததில் சரி, நீளத்தில் தவறு என்றால் சிக்கல் வாசிப்பில். இரண்டிலும் தவறு என்றால் பாடத்தில். இந்த வித்தியாசம் தெரிவதற்கே இரண்டு வடிவம். இரண்டாவது வடிவம் எழுத நேரமில்லாமல்தான் இதுவரை யாரும் செய்யவில்லை. ஏ.ஐ. மிச்சப்படுத்துவது அந்த நேரத்தைத்தான்.

10 ஜூலை

கலைச்சொல் விஷயத்தில் ஏமாறக் கூடாது. இணையத்தில் இலங்கைத் தமிழ்ப் பாடங்கள் நிறைய இருக்கின்றன, ஏ.ஐ. இரண்டையும் கலந்து கொடுக்கும். "ஆர்முடுகல்", "ஒட்சிசன்", "கலம்" என்று வந்தால் உடனே தெரிந்துவிடும். நம் நூலில் முடுக்கம், ஆக்சிஜன், செல். தெரியாமல் நுழைவதுதான் ஆபத்து: நம் பாடநூலில் வேகம் என்பது திசை இல்லாதது, திசையோடு சேர்ந்தால் திசைவேகம். இலங்கை நூல்களிலோ திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். "வேகம்" என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு அளவு. இயக்க விதிகள் பாடத்தில் இது கலந்தால் விடைக்குறிப்பே தவறிப்போகும். ஒவ்வொரு அலகுக்கும் பாடநூலிலிருந்து 15, 20 சொல் எழுதி, "இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்து" என்று கட்டளையோடு சேர்த்து ஒட்டுங்கள்.

ஒட்டும்போது இன்னொன்று. பி.டி.எஃப்.பில் இருந்து நகலெடுத்தால் எழுத்துக் குலைந்து வரலாம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள் என்றால் ஏ.ஐ.க்கும் புரியாது, திரைவாசிப்பானுக்கும் (திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்) புரியாது. யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு மாற்றிய பிறகே வேலை. மாற்றும் மென்பொருள் இல்லாவிட்டால் பக்கத்தைப் படமாக கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக வரும். ஆனால் கொம்புகளையும் எண்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

13 ஜூலை – சிறப்பாசிரியர் ஒருவர், பேரணாம்பட்டு

காது கேளாத பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. "படம் போட்டுக் கொடுத்தால் போதும்" என்பார்கள். போதாது. சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் இரண்டாவது மொழி. "இணைக்கப்பட்டுள்ள" என்று வந்தால் யார் இணைத்தது, எதை எதோடு என்று தேடுவார்கள். "எனில்" வாக்கியம் அதைவிடக் கடினம். நிபந்தனையைத் தனி வாக்கியமாக முதலில் போடச் சொல்லுங்கள். பாடச் சொல்லுக்கான சைகையை நான் தேர்வுக்கு முன்பே வகுப்பில் பழக்கியிருக்க வேண்டும். இந்திய சைகை மொழி அகராதியில் 2021 பதிப்பிலேயே 10,000 சொற்கள் வந்துவிட்டன, அதில் பார்த்துக்கொள்ளலாம். ஏ.ஐ. பொம்மை சைகை காட்டும் வீடியோக்களை நம்பித் தேர்வு வைக்காதீர்கள்.

13 ஜூலை, இரவு

இதைச் சொல்ல சிறப்பாசிரியர்தான் வர வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி. மேலே "எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்ற கட்டளையோடு, "செயப்பாட்டு வினை வேண்டாம், நிபந்தனை தனி வாக்கியமாக முதலில்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் பாட ஆசிரியர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். வட்டாரத்தின் சிறப்பாசிரியர்கள் எல்லாரும் முழு நாளும் இருக்கட்டும், மேசைக்கு ஒருவராக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது. நம்மில் பலர் மனதில் பார்வை, செவி, கை கால் தாண்டி வராது. கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது, வகுப்பிலோ "மெல்லக் கற்போர்" பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

16 ஜூலை

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் படத்தைச் சொல்லாக்குவது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏ.ஐ.யிடம் படத்தைக் கொடுத்து "விவரி" என்றால் விளக்கவுரை எழுதிவிடும். குவிலென்ஸ் படம் ஒன்று: குவியத்தொலைவு 10 செ.மீ., பொருள் 20 செ.மீ. தொலைவில், பிம்பம் எங்கே என்பது கேள்வி. விவரணை இப்படி முடியும்: "கதிர்கள் மறுபுறம் 20 செ.மீ. தொலைவில் சந்தித்துத் தலைகீழான பிம்பத்தை உருவாக்குகின்றன." விடை கைமேல். ஆகவே கட்டளையில் "படத்தில் கொடுக்கப்பட்டதை மட்டும் சொல், பெறப்படுவதைச் சொல்லாதே, கேள்வி இது" என்று கேள்வியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வந்த விவரணையைப் படத்தைப் பார்க்காத இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்தது மூலப்படத்தோடு பொருந்தினால் சரி. பயிற்சியில் இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

மின்சுற்றுக்கு ஒரு ஒழுங்கு: மின்கலத்தின் நேர்முனையில் தொடங்கி வலஞ்சுழியாகப் போ, பிரியும் இடங்களுக்குப் பெயர் வை, எதிர்முனையில் முடி. எல்லாப் படத்துக்கும் ஒரே ஒழுங்கு இருந்தால்தான் பிள்ளை மனதில் சுற்றைக் கட்ட முடியும்.

கணிதக் குறிகள் தனித் தொல்லை. பத்தின் அடுக்கு இரண்டு என்பதை வெறும் எழுத்தாக ஒட்டினால் மேலெழுத்து இறங்கிவிடும். போன் "நூற்றி இரண்டு" என்று வாசிக்கும். கழித்தல் குறியைக் கோடு என்று நினைத்து விழுங்கிவிடும். எலக்ட்ரானின் நிறையில் பத்தின் அடுக்கு கழித்தல் 31 வருகிறது; அங்கே இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒலி வடிவத்துக்கு "பத்து அடுக்கு கழித்தல் முப்பத்தொன்று", "பின்னம் தொடக்கம்… பின்னம் முடிவு" என்று எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் கொண்டு வாசிக்கிற பிள்ளை என்றால் வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியில் எழுதுங்கள், படமாக ஒட்டக் கூடாது.

பிரெயில் வடிவத்தை ஏ.ஐ.யிடம் நேராகக் கேட்காதீர்கள். புள்ளிகள் வரும், ஆனால் தமிழும் ஆங்கிலமும் கணிதக் குறிகளும் கலந்து வரும். அதற்கென்று இருக்கும் லிப்லூயி போன்ற மென்பொருளில் மாற்றி, பிரெயில் வாசிக்கத் தெரிந்தவர் விரலால் பார்த்த பிறகே பிள்ளையிடம்.

17 ஜூலை

தொட்டுணரும் படம் செலவில்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு: முடியும். தையல்காரர் வைத்திருக்கிற பல் சக்கரம், அடியில் வைக்க, செருப்பு செய்யப் பயன்படுகிற மெத்தென்ற ஈவா ஷீட். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் துண்டு ஷீட்டுக்குப் பஞ்சமே இல்லை. தாளின் கனம் 140 ஜி.எஸ்.எம்.க்குக் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) குறையாமல் இருக்கட்டும். பின்பக்கம் உருட்டினால்தான் முன்பக்கம் புடைக்கும், எனவே படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். லென்ஸ் படத்தில் இதை மறந்தால் பொருளும் பிம்பமும் பக்கம் மாறிவிடும். இடவலம் மாற்றிய படத்தை போனிலேயே புரட்டி அச்செடுத்துக்கொள்ளலாம், ஏ.ஐ. தேவையில்லை. ஜெர்மன் பிலிம் என்ற பிளாஸ்டிக் தாள் இருந்தால் அழுத்தி எழுதிய பக்கமே புடைக்கும், மாற்ற வேண்டாம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. வேண்டும், இல்லையென்றால் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர்களைப் படத்துக்குள் திணிக்காமல் எண் போட்டு விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள்.

ஏ.ஐ. வரைந்த படத்தைத் தேர்வில் வைக்கவே வேண்டாம். தமிழ் எழுத்து உடைந்திருக்கும், மின்சுற்று மூடாமல் நிற்கும்.

21 ஜூலை

நிறம். "நிறக்குருடு பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை" என்கிறார்கள். கேட்டுப் பார்த்ததில்லை என்பதே சரி. பத்தாம் வகுப்புச் செய்முறையில் அமிலமா காரமா என்று காண்பது இருக்கிறது. மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி அமிலத்தில் சிவப்பு, காரத்தில் மஞ்சள். சிவப்பு, பச்சை பிரிக்க முடியாத பையனுக்கு நடுவில் வரும் ஆரஞ்சு பெரும் குழப்பம். லிட்மஸ் தாளின் சிவப்பும் நீலமும் அவனுக்கும் பெரும்பாலும் பிரியும். நீரேற்ற காப்பர் சல்பேட் நீலத்திலிருந்து வெண்மைக்குப் போவதும் தெரியும். பார்வையே இல்லாத பிள்ளைக்கு வாசனை காட்டி: வெங்காயச் சாற்றில் ஊறிய துணி நீர்த்த காரத்தில் வாசனையை இழக்கும், நீர்த்த அமிலத்தில் இழக்காது. துணியை எடுத்துத் தண்ணீரில் அலசிய பிறகே முகரக் கொடுங்கள்.

இங்கே ஏ.ஐ.யின் வேலை சின்னது, ஆனால் உருப்படியானது. ஒரு ஆண்டு வினாக்கள் முழுவதையும் கொடுத்து "நிறம் தெரிந்தால் மட்டுமே விடை எழுதக்கூடியவை எவை?" என்று கேட்டால் பொறுக்கிக் கொடுக்கும். சிலவற்றை விட்டுவிடும், ஆனால் நம் கண்ணில் படாத சிலவற்றைப் பிடிக்கும்.

22 ஜூலை

ஏற்பாடு பற்றி. 40 பேர் ஒரே வைஃபையில் உள்நுழைய முயன்றால், கடவுச்சொல் மறந்து, ஓ.டி.பி. வராமல் ஒரு மணி நேரம் போய்விடும். முதல் நாளே ஜிமெயில் திறக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு ஒரு திரை போதும். அருகில் ஹைடெக் லேப் (கணினி ஆய்வகம்) உள்ள பள்ளி என்றால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் புதிய உரையாடல் திறக்கட்டும், பழையதின் எண்களும் சொற்களும் அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வரும். இலவசக் கணக்கில் படம் ஏற்ற வரம்பு உண்டு, காலையிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

27 ஜூலை – குடியாத்தம் ஆசிரியர் பயிற்றுநர்

விடைத்தாளைப் படம் பிடித்து ஏ.ஐ.யிடமே திருத்தச் சொல்லலாமா என்று பலரும் கேட்கிறார்கள்.

27 ஜூலை, இரவு

வேண்டாம். காரணத்தைப் பயிற்சியில் செய்து காட்டுங்கள். ஒரு தாளில் வேண்டுமென்றே தவறாக எழுதுங்கள்: "விசை = நிறை + முடுக்கம்", கீழே "5 × 4 = 25", நடுவில் இரண்டு மூன்று எழுத்துப் பிழை. படம் எடுத்து "இதில் உள்ளதை அப்படியே எழுது" என்று கேளுங்கள். பிழைகளைத் திருத்தியே எழுதிக் கொடுப்பதை அடிக்கடி பார்க்கலாம். "மின்தடை"யை "மிண்தடை" என்று எழுதிய பிள்ளைக்கு அது உதவி மாதிரித் தெரியும். ஆனால் அதே கை 25ஐ 20 ஆக்கிவிட்டால் பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் என்பது மறைந்துபோகும். எதிர்த்திசையிலும் நடக்கும்: கோணல் எழுத்தைப் படிக்க முடியாமல், எழுதாததை எழுதியதாகச் சொல்லும்.

விடைக்குறிப்பு எழுத அதைப் பயன்படுத்துங்கள். ஏழு மதிப்பெண் வினாவைக் கொடுத்து, ஒவ்வொரு மதிப்பெண்ணும் எந்தக் கருத்துக்கு என்று பிரிக்கச் சொல்லுங்கள். அதே கருத்தைப் பிள்ளை படமாகவோ, வாய்மொழியாகவோ, பொருள்களை அடுக்கியோ காட்டினால் எது இருந்தால் மதிப்பெண் என்று மூன்று பத்தி கேளுங்கள். ன, ண, ந குழப்பத்துக்கு அறிவியலில் மதிப்பெண் குறைப்பதில்லை என்று பள்ளியில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவு தலைமையாசிரியர் எடுக்க வேண்டியது, கருவி எடுக்க முடியாது.

3 ஆகஸ்ட்

உருது வழிப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்களைத் தனி மேசையில் உட்கார வைக்காமல், உருது பாடநூல் கையில் உள்ள அறிவியல் ஆசிரியர் ஒருவரோடு சேருங்கள். கலைச்சொல் கதை அங்கேயும் இதேதான். கூடவே வலமிருந்து இடம் எழுதும் பத்தியில் சமன்பாடு வந்தால் கழித்தல் குறி எண்ணின் மறுபக்கம் போய் நிற்கும். அச்சுக்கு முன் ஒவ்வொரு குறியையும் பாருங்கள்.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலைப்பள்ளிகளுக்கு இணையத்தை நம்பிய எதுவும் ஆகாது. வினா, ஒலிக்கோப்பு, விவரணை எல்லாவற்றையும் கீழேயே தயார் செய்து போனிலும் தாளிலும் கொண்டுபோக வேண்டும். ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வாசிக்கும்.

4 ஆகஸ்ட்

பிள்ளையின் பெயர், எமிஸ் எண் (கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்), மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண், மருத்துவச் சான்று, முகம் தெரியும் படம்: எதையும் ஏ.ஐ.யில் போடக் கூடாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகளே, பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் "இந்த ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பார்வையற்ற மாணவி" என்றால் ஊருக்கே யாரென்று தெரியும். தேவையை மட்டும் எழுதுங்கள்: "திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்", "நீண்ட வாக்கியம் கடினம்". குறைபாட்டின் பெயரைவிட இதற்குத்தான் நல்ல வினாவும் வருகிறது.

9 ஆகஸ்ட் – குடியாத்தம் ஆசிரியர் பயிற்றுநர்

ஒரு நாளில் இவ்வளவும் அடங்காதே?

9 ஆகஸ்ட், இரவு

அடங்காது. ஒலியையும் பிரெயிலையும் தேவைப்படும் பள்ளிகளோடு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு நான்கு வேலை: நீல-சிவப்புக் கோடு, ஒரு வினாவுக்கு இரண்டு வடிவம், படம் பார்க்காதவர் வரைவது, தவறான விடைத்தாள் சோதனை. மாலையில் ஒவ்வொருவர் கையிலும் தன் பள்ளிக்கான ஐந்து வினா, இரண்டு வடிவத்தில், விடையைத் தானே போட்டுப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

காலாண்டு முடிந்ததும் குறுவள மையக் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம்) கூட்டத்தில் அரை நாள் கேளுங்கள். அந்த ஐந்து வினாக்களையும், பிள்ளைகள் எழுதிய விடைகளைப் பெயர் மறைத்தும் கொண்டுவரட்டும். உடைத்த வடிவத்தில் சரியாகவும் நீள வடிவத்தில் தவறாகவும் வந்தவை ஒரு குவியல், இரண்டிலும் தவறியவை ஒரு குவியல். முதல் குவியலை எடுத்துக்கொண்டு சிறப்பாசிரியரும் தமிழாசிரியரும் உட்காரட்டும். தமிழாசிரியரையும் மறக்காமல் அழையுங்கள்.